வலது கை

"உங்கப்பா கையில ஏன்டி பொம்பளை மாதிரி நகம்?"

ஆறாம் வகுப்பில், பள்ளி முற்றத்தில் கூடப் படித்த பெனிக்னா கேட்டது. கேட்டவள் கல்யாணமாகி புவெனஸ் ஐரிஸ் போய்விட்டாள். நிமியாவுக்கும் முப்பத்தோரு வயதாகிவிட்டது. கேள்வி மட்டும் எங்கும் போகவில்லை. சவப்பெட்டியில் அப்பாவின் விரல்களில் ஜெபமாலையைச் சுற்றும்போதும் அதுதான் காதில் கேட்டது.

இடது கையை மேலே வைத்து வலது கையை மறைத்தாள்.

"வலது கை மேல இருக்கட்டும். வாசிச்ச கை அதுதானே," என்று அப்பாவின் தங்கை எல்விரா அத்தை தானே மாற்றி வைத்தாள்.

அசுன்சியோன் அரங்கில் அப்பா எலாதியோ கறுப்புக் கோட்டு போட்டு கித்தாரில் பாக்கின் செவ்வியல் இசை வாசிப்பார். அதே கோட்டோடு சொந்த ஊரான லூக்கேக்குத் திரும்பி ஒரு கல்யாண வீட்டில் போல்கா நடனப் பாட்டு வாசிப்பார். அவர் எழுதிய இசையிலும் இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் நுழையும். இசைப்பள்ளிக்காரர்கள் அவரைக் கல்யாணக்காரன் என்றார்கள். கல்யாண வீடுகளில் பாதிரியார் என்று கூப்பிட்டார்கள்.

தினமும் காலையில் மாத்தே கஷாயம் குடித்தபடி, கம்பியை மீட்டும் வலது கை நகங்களை உப்புத்தாளால் தேய்ப்பார். மோதிர விரல் நகம் உடையும்போதெல்லாம் பிங்பாங் பந்திலிருந்து ஒரு பிறை வெட்டி ஒட்டிக்கொள்வார். ஆறாம் வகுப்பு வருடம் அந்தக் கையோடு அவர் கோயிலில் வந்து உட்கார்ந்தபோது நிமியா வேறு பெஞ்சுக்கு எழுந்து போனாள். கேலிக்குப் பயந்து அடுத்த வருடம் அவள் பள்ளிக்கும் போகவில்லை.

நேற்றோடு அவருக்கு நினைவு தப்பி நான்கு நாள். மதியம் கோயில் பெண்கள் ஜெபிக்க வருவதாக இருந்தது. நர்ஸ் தெயோலிந்தா ஊசி போட்டுவிட்டுக் கிளம்பியதும் நிமியா நகவெட்டியை எடுத்தாள். இனி எங்கே வாசிக்கப்போகிறார் என்று நினைத்தாள். நீண்டிருந்த நான்கு நகங்களையும் ஒட்ட வெட்டினாள். துண்டுகளைக் குப்பையில் போடக் கை வரவில்லை. காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

பெண்கள் வந்தார்கள், ஜெபித்தார்கள், போனார்கள். ஒருத்திகூட அந்தக் கையைப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு அப்பா கண் திறந்தார்.

"சிப்ரியானோ வந்தானா?"

ஹார்ப் வாசிக்கிறவர். முப்பது வருடக் கூட்டாளி. அப்பா படுத்ததிலிருந்து தினமும் பார்க்க வருகிறார்.

"அஞ்சு மணிக்கு வருவாரு."

"முடிவு கிடைச்சிடுச்சு. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு மெட்டு எழுதிட்டிருந்தேனே, அதோட முடிவு. கித்தாரை எடு, அதுக்குள்ள விரல் பழகட்டும்."

தலையணைகளை அண்டக்கொடுத்து உட்கார வைத்து, கித்தாரை மடியில் வைத்தாள். அவர் ஒரு முறை மீட்டினார். ஈரத்துணிக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு சத்தம் வந்தது. இன்னொரு முறை மீட்டினார். பிறகு கையை முகத்தருகே கொண்டுவந்து, விரல் நுனிகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"யாரு?"

நிமியா கதவைப் பார்த்தாள். "நர்ஸ்."

"ம்."

"வாயால பாடிக் காட்டுங்கப்பா. நான் அவர்கிட்ட சொல்றேன்."

"வாய்ல எங்க இருக்கு? விரல்ல இருந்துச்சு." கித்தாரை அவளிடம் நீட்டினார். "பெட்டியில வை. அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாத. அதுக்கென்ன தெரியும்?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிப்ரியானோ வருவதற்குள் போய்விட்டார்.

இன்று காலை கறுப்பு உடைக்கு மாறியபோது நிமியா அந்தக் காகிதத்தையும் பை மாற்றி வைத்துக்கொண்டாள்.

சோபாவில் இசைப்பள்ளிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் கல்யாண வாத்தியக்காரர்கள் நின்றிருந்தார்கள். சிப்ரியானோ குனிந்து நண்பனின் கையை முத்தமிடப் போனார். பாதியில் நின்றார். ஜெபமாலையைத் தள்ளிவிட்டு, தன் நீண்ட நகங்களால் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"யாரு வெட்டினது?"

"அந்த நர்ஸ் பொண்ணுதான்," என்றாள் அத்தை. "நேத்தே நிமியா சொன்னா."

"நானெல்லாம் நகத்தைத் தொடாதீங்கன்னு நெஞ்சுல எழுதி ஒட்டிட்டுத்தான் படுக்கணும்போல," என்றான் வாசலில் ஒருவன். சிலர் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

அப்போது சமையலறையிலிருந்து தெயோலிந்தா சிப்பா ரொட்டித் தட்டோடு வந்தாள். யாரும் கூப்பிடாமலே காலையிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தாள். எல்லாத் தலைகளும் திரும்பியதைப் பார்த்து நின்றாள்.

"ஏம்மா," என்றார் சிப்ரியானோ. குரலை உயர்த்தவில்லை. "கடைசியா கித்தாரைக் கேட்டானாம். இந்த விரலை வச்சுக்கிட்டு என்ன பண்ணியிருப்பான்? வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

தெயோலிந்தா அவரைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். பிறகு நிமியாவைப் பார்த்தாள்.

நிமியாவின் விரல்கள் பைக்குள் காகிதத்தைப் பற்றியிருந்தன. பிங்பாங் பந்தின் பிறை காகிதத்தைத் தாண்டிக் குத்தியது. வாயைத் திறந்தாள். தெயோலிந்தா காத்திருந்தாள்.

"ரொட்டி சூடு ஆறுது," என்றாள் நிமியா. "எல்லாரும் எடுத்துக்குங்க."

தெயோலிந்தா தட்டை மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த இந்த வீட்டு ஏப்ரனை அவிழ்த்து, நான்காக மடித்து, நாற்காலி முதுகில் போட்டாள். வாசலில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். முற்றத்தைத் தாண்டி, இரும்புக் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள்.