ஒற்றைத் தாள் நஷ்டம்

மூன்று வருடத்துக்கு ஒருமுறை, சம்பள ஒப்பந்தம் போடும் நாளில் மட்டும், சனத்நகர் வால்வுத் தொழிற்சாலையின் மீட்டிங் ரூம் தொழிலாளர்களுக்குத் திறக்கும். ஏ.சி. ஓடும். இரானி டீயும் பிஸ்கட்டும் வரும். கூடவே ஒரு ஜெராக்ஸ் தாள் வரும். கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கு, ஒரே ஒரு பக்கம். சங்கக் கமிட்டியின் ஐந்து பேரும் விரலை ஓட்டிக் கடைசி வரியைப் பிடிப்பார்கள். லாபம் என்றால் உயர்வு கேட்பார்கள். நஷ்டம் என்றால் தலையைத் தொங்கப் போட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். இதற்குப் பெயர் பேச்சுவார்த்தையாம்!

இந்த அக்டோபரில் கடைசி வரி சொன்னது, இரண்டு கோடியே பத்து லட்சம் நஷ்டம்.

"மூணு வருஷத்துக்கு இன்கிரிமென்ட் இல்லீங்க. ஆனா ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். எழுதியே குடுக்கறோம்" என்றார் எச்.ஆர். மேனேஜர் வெங்கட். கோயம்புத்தூர்க்காரர். மற்றவர்களிடம் தெலுங்கில் சொன்னதை, கமிட்டித் தலைவர் ராமசுவாமியிடமும் உறுப்பினர் கனகவல்லியிடமும் தமிழில் குழைத்துச் சொன்னார். "நம்மாளுங்க, நீங்க புரிஞ்சுக்குவீங்க."

கனகவல்லிக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்தது. ஏனென்றால் அவள் பையில் நாற்பத்திரண்டு பக்கம் இருந்தது.

நூறு ரூபாய் கட்டினால் எந்தக் கம்பெனியின் முழுக் கணக்கையும் அரசாங்க வலைத்தளத்தில் எவரும் பார்க்கலாம். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் இது ஒருவருக்கும் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு நஸ்ரின் சொல்லித்தான் அவளுக்கே தெரிந்தது. நஸ்ரினுக்கு ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை.

"நக்கோ, வேணாம் அக்கா, கடைசி வரிய விடுங்க" என்றாள் நஸ்ரின். "லாப நஷ்டம் ஒரு வருஷத்துக் கதை. மார்ச் முப்பத்தொண்ணாம் தேதி கையில என்ன சொத்து, யாருக்கு எவ்ளோ கடன்னு பேலன்ஸ் ஷீட் சொல்லும். ரொக்கம் எங்கேர்ந்து வந்துச்சு, எங்க போச்சுன்னு மூணாவது தாள் சொல்லும். மொதலாளி சொல்லப் பிடிக்காததெல்லாம் பின்னாடி குட்டி எழுத்துல குறிப்பா இருக்கும். சட்டம் இருக்கு, எழுதித்தான் ஆகணும்."

பேலன்ஸ் ஷீட்டில் நிலம், கட்டடம் என்ற வரிக்கு எதிரே ஒன்றுமில்லை. பத்தொன்பது வருடமாகக் கனகவல்லி கால் கடுக்க நிற்கும் ஷெட் கம்பெனிக்குச் சொந்தமில்லை! முப்பத்தோராம் குறிப்பில் விவரம் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் இடத்தை வேறொரு நிறுவனத்துக்கு விற்றிருக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் டைரக்டர் எம்.டி.யின் மனைவி. அதே ஷெட்டுக்கு இப்போது கம்பெனி அவருக்குக் கட்டும் வாடகை வருடத்துக்கு மூன்று கோடியே அறுபது லட்சம்.

விற்ற வருடம் அந்தப் பணமும் சேர்ந்து கடைசி வரியில் லாபம் கொட்டியது. ஆளுக்கு ஐம்பது ரூபாய் வசூலித்து எம்.டி.க்கு ரோஜா மாலை போட்டார்கள். மாலையின் ஒரு முனையைப் பிடித்தவள் கனகவல்லி. அதை நினைக்க அவளுக்குக் கூசியது. மறுநாள் திங்கட்கிழமை ராமசுவாமியிடம் தாள்களை நீட்டினாள். "இங்கிலீஷ் பேப்பர வெச்சிக்கிட்டு கொழப்பாதம்மா" என்று அவர் வாங்கக்கூட இல்லை.

இன்று அவர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். கமிட்டியின் சலீமும் மற்ற இருவரும் போட்டார்கள். பேனா அவளிடம் வந்தது.

அவள் அதைத் தொடாமல் முப்பத்தோராம் குறிப்பை மேஜையில் விரித்தாள்.

"வாடகைய எடுத்துட்டா இது ஒண்ணரைக் கோடி லாபம் சார். நஷ்டம் எங்களால வரல."

வெங்கட்டின் சிரிப்பு சுருங்கியது. "ஆடிட்டர் பாத்ததுங்க. எல்லாம் சட்டப்படிதான்."

"சட்டப்படி இல்லேன்னு நான் சொன்னேனா? மேடத்துக்கு வாடகை குடுக்க நாங்க ஏன் வயித்தக் கட்டணும்?"

"கனகா, விடும்மா" என்றார் ராமசுவாமி. "சம்பளம் ஏறலேன்னா போவுது. வேலை போகாதுன்னு எழுதிக் குடுக்கறாங்கல்ல? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

அந்த மனிதரைப் பார்க்க அவளுக்கு ஆத்திரமும் பரிதாபமும் சேர்ந்து வந்தன. பக்கத்தைத் திருப்பினாள்.

"அடுத்த குறிப்பையும் கேளுங்கண்ணா. ஷெட்டோட லீஸ் வர்ற மார்ச்சோட முடியுது. புதுப்பிக்கற உத்தேசம் இல்லேன்னு அவங்களே எழுதிருக்காங்க." வெங்கட் பக்கம் திரும்பினாள். "மார்ச்சுக்கு அப்பறம் எங்க வேலை எங்க சார் நடக்கும்? வேற எடம் பாத்திருக்கீங்களா?"

வெங்கட் ஏ.சி. ரிமோட்டை எடுத்து எதையோ அழுத்தினார்.

"தம்பி" என்றார் ராமசுவாமி. "இது உங்களுக்குத் தெரியுமா?"

"தட் இஸ் எ போர்டு டெசிஷன்" என்றார் வெங்கட். அதுவரை குழைந்த தமிழில் ஒரு சொல்கூட அவர் வாயில் வரவில்லை.

ராமசுவாமி ஒப்பந்தத்தைத் தன் பக்கம் இழுத்தார். தன் கையெழுத்தின் மேல் பேனாவை வைத்துத் தாள் கிழியும்வரை அடித்தார். பிறகு பேனாவைச் சலீமிடம் நீட்டினார்.