பாதியில் நின்ற கோப்பு

செல்வநாயகியின் சூளையில் சூட்டைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் மறுபடியும் நின்றுபோனது. வெந்துகொண்டிருந்த பீங்கான் ஃபியூஸ் கட்டைகளில் பாதிக்கு மேல் விரிசல் விட்டுவிட்டன. அதற்குள் இருக்கும், சூடு அளக்கும் அட்டையைப் புதிதாக மாற்றியதிலிருந்தே இந்தத் தொல்லைதான். விருத்தாசலம் தொழிற்பேட்டைக்குப் பின்தெருவில், வீட்டிலிருந்தபடியே பெங்களூர் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வேலை பார்க்கும் தமிழினியை அவர் கூப்பிட்டு அனுப்பினார்.

தமிழினிக்குப் பழகிய வேலைதான். அந்தக் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸின் மையமான கெர்னல் செயலிழந்து விழும்போது, அந்த நேரத்தில் மெமரியில் இருந்ததையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அதைப் பிரித்துப் படிக்க, பல நாட்டவர் சேர்ந்து எழுதி இலவசமாகத் தரும் கருவி ஒன்று இருக்கிறது. அவள் கோப்பைக் கொடுத்தாள். ‘கோப்பு முழுமையாக இல்லை’ என்று சொல்லிவிட்டுக் கருவி மூடிக்கொண்டது. பழைய கோப்புகளுக்கும் அதே பதில்தான்.

“எழுதி முடிக்கிறதுக்குள்ள யாரு ஆஃப் பண்றது?”

“நான்தாம்மா,” என்றார் சூளையைப் பார்த்துக்கொள்ளும் ஜெயராஜ். “நின்ன ஒடனே ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடுவேன்.”

“அடுத்த தடவ கொஞ்சம் வுட்டுப் பாருங்களேண்ணே.”

“அதுக்குள்ள சூடு எறங்கிடும். மொத்த சரக்கும் போயிடும்மா.”

அவர் சொன்னது நியாயம். கருவிதான் பிடிவாதம் பிடித்தது. கடைசிப் பக்கங்கள் இல்லை என்பதற்காக முன்னால் இருப்பவற்றையும் படிக்க மறுத்தது. தமிழினி கருவியையே திருத்த உட்கார்ந்தாள். இல்லாத பக்கங்களைச் சுழியங்களால் நிரப்பிக்கொள்ளச் செய்தாள். கோப்பு திறந்தது. கோளாறு ஹார்டு டிஸ்க்கில் என்று காட்டியது. அவள் சொன்னதை நம்பிச் செல்வநாயகி டிஸ்க்கை மாற்றினார்.

அடுத்த சூட்டிலும் கம்ப்யூட்டர் நின்றது.

“போனாப் போவுது வுடும்மா,” என்றார் செல்வநாயகி. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தமிழினிக்கு.

வீட்டுக்கு வந்து தன் திருத்தத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தப்பு புரிந்தது. சுழியம் என்றால் ‘அங்கே ஒன்றுமில்லை’ என்று பொருள். ஆனால் உண்மை ‘அங்கே என்ன இருந்ததென்று தெரியாது’ என்பதல்லவா? அவளேதான் கருவியைப் பொய் சொல்ல வைத்திருந்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். பக்கம் இல்லையென்றால் இல்லை என்று சொல்ல வேண்டும்; தேடிவந்த இழையை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும்; எக்காரணம் கொண்டும் மூடிக்கொள்ளக் கூடாது.

இந்த முறை எல்லாக் கோப்புகளும் திறந்தன. ஒன்றில் கெர்னலின் கடைசிச் செய்திகள் கிடைத்தன. இன்னொன்றில், விழுந்த நொடியில் எந்த நிரல் ஓடியது என்பது தெரிந்தது. எல்லாம் கைகாட்டியது ஒரே இடத்தை: சூடு அளக்கும் அட்டையை இயக்கும் டிரைவர் என்ற நிரல். அளவை எழுத அது மூன்று இலக்கத்துக்குத்தான் இடம் ஒதுக்கியிருந்தது. சூடு ஆயிரத்தைத் தொட்டதும் நான்காவது இலக்கம் பக்கத்து இடத்தில் போய் விழுந்தது. அந்த இடத்தில் முக்கியமான ஏதாவது இருந்தால் கெர்னலும் கூடவே விழுந்தது.

“அவ்ளோதானா?” என்றார் செல்வநாயகி.

“அவ்ளோதாங்க்கா. திருத்திட்டேன். சூளைய பத்த வைங்க.”

திரையில் எண் ஏறியது. ஆயிரத்தை நெருங்கியபோது ஜெயராஜின் கை தானாகவே சுவிட்சுக்குப் போனது. செல்வநாயகி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். ஆயிரம் வந்தது. ஆயிரத்து ஒன்று. ஆயிரத்து நூறு தாண்டியது, ஆயிரத்து இருநூறு தாண்டியது. கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடியது.

சூளை ஆறித் திறந்ததும் ஜெயராஜ் இரண்டு கட்டைகளை எடுத்துத் தட்டினார். கணீரென்றது. “ஒண்ணுகூட விரிசல் வுடலம்மா! ஒண்ணுகூட!” என்று கத்தினார். செல்வநாயகி தமிழினியைக் கட்டிக்கொண்டார்.

கருவியில் தான் செய்த திருத்தத்தைத் தமிழினி, அதை எழுதுகிறவர்களுக்கு அனுப்பியிருந்தாள். அவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். சுழியம் போட்டுச் சூடுபட்ட கதையையும் மறைக்காமல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஒரு காலையில், திருத்தத்தைக் கருவியில் சேர்த்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. அதன் கீழேயே முகம் தெரியாத ஒருவர், கைவிட்டிருந்த தன்னுடைய உடைந்த கோப்பும் இப்போது திறந்துவிட்டதாக நன்றி எழுதியிருந்தார்.

தமிழினி செருப்பைக்கூட மாட்டாமல் பட்டறைக்கு ஓடினாள். “அக்கா, சேத்துக்கிட்டாங்க!” என்று வாசலிலிருந்தே கூவினாள்.