ஆறாவது மாதம்

சுவாதியின் புறங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை ஜெயலட்சுமி தேங்காய் எண்ணெய் தடவி உரித்துக்கொண்டிருந்தாள். ஊசி ஏறி ஏறிக் கறுத்துப்போன கை. இனிமேல் வலிக்காது என்று தெரிந்தும் மெதுவாகத்தான் உரித்தாள்.

சித்தப்பா அப்பாவு அவள் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"தணிகாசலம் சுங்குவார்சத்திரத்துல பஸ் ஏறிட்டானாம். அவன் அக்கா, பொண்டாட்டி, கைக்கொயந்த எல்லாரும் வராங்க."

"வரட்டும்."

"இன்னிக்கி ஒரு நாள் வாய அடக்கிக்க ஜெயா. பெத்தவன். அவன்தான் வாய்க்கரிசி போடணும், மண்ணு தள்ளணும்."

அவன் வரவேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் ஜெயலட்சுமியைவிட அதிகமாக ஆசைப்பட்டவர்கள் யாருமில்லை.

சுவாதிக்கு ஒரு வயது முடிவதற்குள்ளேயே மெட்ராஸில் சொல்லிவிட்டார்கள். அவள் உடம்பில் ரத்தம் சரியாக ஊறாது, மாதாமாதம் வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். அப்பா, அம்மா இருவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இருவரிடமும் ஒரு பழுதான ஜீன் இருந்தது. ஒன்று மட்டும் இருந்தால் ஆளுக்கு ஒன்றும் தெரியாது; இரண்டு பக்கமிருந்தும் வந்து பிள்ளையிடம் சேர்ந்தால்தான் நோய். டாக்டர் இருவரையும் எதிரில் உட்காரவைத்துத்தான் இதைச் சொன்னார். திரும்பும்போது தாம்பரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்த தணிகாசலம், "எனக்கும் கீதுன்னு வூட்ல சொல்லிக்கினு இருக்காத" என்றான். அவள் சொல்லவில்லை. புருஷன் மானம் தன் மானம் என்று நினைத்திருந்த காலம் அது.

நான்கு வருடம் கழித்து, அவளைத் தள்ளிவைக்க அவன் பெரியவர்களைக் கூட்டினான். "இவ ரத்தம் கெட்ட ரத்தம். டாக்டரே சொல்ட்டாரு" என்றான். அவன் அக்கா தாயாரம்மாள், "எங்க வம்சத்துல இப்பிடி ஒண்ணு பொறந்ததே இல்ல" என்று மண்ணை வாரித் தூற்றினாள். ஜெயலட்சுமி எழுந்து வாயைத் திறந்தாள். இதே அப்பாவு சித்தப்பாதான் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தார். "ஆம்பளைங்க பேசறப்ப நடுவுல பேசாத."

அன்றைக்கு மூடிய வாய். இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட் உறை தைக்கும் கம்பெனியில் சேர்ந்தாள். வல்லம் வடகாலில் வாடகைக்கு ஓர் ஓட்டு வீடு. கம்பெனி பஸ், ஆஸ்பத்திரி, வீடு என்று ஒன்பது வருடம் ஓடியது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், மிஷினில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்தவள் சொன்னாள், தணிகாசலம் தன் அக்காள் மகள் எழிலரசியையே கட்டிக்கொண்டான் என்று. ஜெயலட்சுமி தையலை நிறுத்தவில்லை. கூடப்பிறந்தவளின் மகள். அதே ரத்தம். ஊசி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. இருக்கட்டும், என்று நினைத்துக்கொண்டாள். பெறட்டும்.

சுவாதிதான் அதைக் கேட்டு வெலவெலத்துப்போனாள். குழந்தையாக இருந்தபோது அவளை இடுப்பிலேயே வைத்துச் சுமந்தவள் எழில்.

சுவாதிக்கு எல்லாவற்றையும் தோண்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்தம் சொட்டுச் சொட்டாக ஏறும் நேரத்தில் டாக்டர்களை நிறுத்தி நிறுத்திக் கேட்பாள். ஒரு முறை பஸ்ஸில் வரும்போது அம்மாவுக்கு விளக்கினாள்.

"அம்மா, வயித்துக்குள்ள கொயந்தைக்கு வேற மாதிரி ரத்தம். அத செய்யறதுக்கு ஒரு ஜீன் கீது. பொறந்து ஆறு மாசத்துக்குள்ள அது கொஞ்சம் கொஞ்சமா வேலைய நிறுத்திடும், வேற ஜீன் வந்து வேலைய எடுத்துக்கும். ஃபர்ஸ்ட் ஷிப்ட் போயி செகண்ட் ஷிப்ட் வர்ற மாதிரி. எனக்கு செகண்ட் ஷிப்ட் ஆளு ஆப்சென்ட்."

"அப்ப ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆளையே ஓ.டி. பாக்க வெக்கிறது?"

"அதுக்குத்தான் இந்த மாத்திர குடுத்தாங்க. எனக்கு ரொம்ப கேக்கல. யாரோ ஒரு சூப்பர்வைசர் இருக்கான்மா உள்ள. அவன்தான் அவங்கள வூட்டுக்கு அனுப்பிடறான். அவன எப்பிடி அடக்கறதுன்னுதான் வழி தேடிகினு கீறாங்களாம்."

சொல்லிவிட்டுக் கொஞ்ச தூரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள். "எழிலக்கா கிட்ட டெஸ்ட் எடுக்கச் சொல்லும்மா."

"அது நம்ம வேல இல்ல."

"பாவம்மா."

"நம்மள யாரு பாவம்னாங்க?"

அதற்குப் பிறகு சுவாதி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஏற்றிய ரத்தத்தின் இரும்பெல்லாம் இதயத்தில் படிந்துவிட்டது என்று தையில் சொன்னார்கள். ஆடியில் முடிந்துவிட்டது.

தாயாரம்மாள் தெருமுனையிலேயே மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். பத்து நிமிடத்தில் அழுகை ஓய்ந்து, பந்தலில் பக்கத்துப் பெண்களிடம் பேரனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். "பொறக்கறப்பவே மூணே கால் கிலோ. எங்க ரத்தத்துல ஒரு கொற கெடையாது" என்பது ஜெயலட்சுமியின் காதில் விழுந்தது. விழவேண்டும் என்றுதான் சொன்னாள்.

எழிலரசி மட்டும் சுவாதியின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தாள். சத்தமில்லாமல் அழுதாள். குழந்தை பாட்டியிடமிருந்து அவள் மடிக்கு வந்தபோது ஜெயலட்சுமி கேட்டாள்.

"எத்தினி மாசம்?"

"வர்ற பதினெட்டு வந்தா ஆறு முடியுது." எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் விழித்துவிட்டு, சின்ன வயதில் அழைத்தபடியே, "அத்தே" என்று சேர்த்தாள். "ரெண்டு வாரமா பாலே குடிக்க மாட்டேங்கிறான். சப்பறதுக்குள்ள மூச்சு வாங்குது. சளின்னு நெனக்கிறேன்."

ஜெயலட்சுமி குழந்தையின் உதட்டைப் பார்த்தாள். துவைத்து வெளுத்த துணியின் நிறம். அந்த நிறத்தை அவள் பதினான்கு வருடமாக அறிவாள். பசித்தவள் வயிற்றில் சுடுகஞ்சி இறங்குவதுபோல் ஒரு சுகம் அவளுக்குள் இறங்கியது. மகள் எதிரில் கிடக்கும்போது இப்படி ஒரு சுகமா என்று அவளுக்கே உறைத்தது. ஆனாலும் அதை அவள் தடுக்கவில்லை.

வாய்க்கரிசிக்கு நேரமாயிற்று. "மொதல்ல தகப்பன் வாப்பா" என்றார் அப்பாவு. தணிகாசலம் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கை நிறைய அரிசி அள்ளிக் குனிந்தான். ஜெயலட்சுமி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தணிகாசலம்."

பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் பந்தல் அடங்கியது.

"டாக்டர் யார் யாருக்கு கீதுன்னு சொன்னாரு? சொல்லிட்டு போடு."

"ஜெயா, கைய விடு. சாவு வூட்ல இன்னா இது?"

"எனக்கு மட்டுமா, உனக்கும் சேத்தா?"

"இவளுக்கு புத்தி பெரண்டுபோச்சு" என்று தாயாரம்மாள் எழுந்தாள். அப்பாவு ஜெயலட்சுமியின் தோளில் கை வைத்தார்.

"கைய எடு சித்தப்பா" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. அவர் எடுத்துவிட்டார்.

தணிகாசலம் தலை நிமிரவில்லை. அவன் விரலிடுக்கில் அரிசி ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தது. ஜெயலட்சுமி எழிலைப் பார்த்தாள்.

"எழிலு, கொயந்த கண்ண கீழ இழுத்து உள்ள பாரு. செவப்பா கீதா?"

எழில் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளின் பிள்ளையின் கண்ணை இழுத்துப் பார்த்தாள். திரும்பவும் தன் குழந்தையின் கண்ணை.

"மாமா" என்றாள் புருஷனிடம். "அத்த கேக்குதில்ல. சொல்லு."

அவன் வாய்க்குள்ளேயே சொன்னான்.

"எல்லாருக்கும் கேக்கல" என்றாள் ஜெயலட்சுமி.

"எனக்கும் கீது."

"எப்பத்லேர்ந்து தெரியும்?"

"அப்பவே."

தாயாரம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஜெயலட்சுமி அவளைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள். "ஒரே வயித்துல பொறந்தவ. உனக்கும் இருக்கலாம் அண்ணி. உன் பொண்ணுக்கும் நீ குடுத்திருக்கலாம். எங்க வூட்டு ரத்தத்த ஏசறதுக்கு முன்ன நீயும் ஒரு சிரிஞ்சு குடுத்து பாரு."

தணிகாசலம் மீதி அரிசியோடு குனியப் போனான்.

"சொல்லிட்டேன் இல்ல" என்றான்.

"சொன்ன. இப்ப தள்ளி நில்லு." அவன் கையைத் திருப்பி அரிசியைத் தரையில் கொட்டவைத்தாள். "எம் பொண்ணு வாயில உன் கை படக் கூடாது."

முதல் அரிசியை அவளே போட்டாள். பாடை கிளம்பியபோது அப்பாவு முன்னால் போனார். தணிகாசலம் பந்தல் கம்பத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டான். அவனை யாரும் வா என்று கூப்பிடவில்லை.

பெண்கள் அடிபம்பில் தலை முழுகினார்கள். ஜெயலட்சுமி கடைசியாக ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு திரும்பியபோது எழில் நின்றிருந்தாள். ஒரு கையில் குழந்தை. மறுகையில் யாரிடமோ வாங்கிய பேனா.

"எங்க போணும் அத்தே?"

ஜெயலட்சுமி முந்தானையைப் பிழிந்தாள். பிழிந்து முடித்தும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று எழில் கேட்டாள்.

"தெரியும்."

எழில் பேனாவை மட்டும் நீட்டினாள்.

"உன் புருசனையும் இட்டுனு போ" என்றாள் ஜெயலட்சுமி. "ஊசி குத்தறப்போ அவன்தான் கொயந்த கைய பிடிக்கணும். ஒவ்வொரு மாசமும். நீ பிடிக்காத."

எழில் தலையாட்டினாள். ஜெயலட்சுமி அவள் உள்ளங்கையை விரித்து, ஆஸ்பத்திரி பேரையும், ரத்த வியாதிக்குப் பார்க்கும் கிழமையையும், வார்டு நம்பரையும் எழுதினாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டி மை கலைந்தது. தன் சேலையால் அந்தக் கையைத் துடைத்துவிட்டு, இன்னொரு முறை அழுத்தி எழுதினாள்.