சங்குத்திட்டு வெளிச்சம்

திருப்பூர் நல்லூரில் மாரக்காளின் லைன் வீடுகளில் கடைசி வீட்டின் மேல் மட்டும், பொழுது சாய்ந்ததும் கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் சுற்றிச் சுற்றி வந்து விழும். கடலோ ராமநாதபுரத்துக்கும் அந்தப் பக்கம். ஆரம்பத்தில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். பிறகு ஷிப்டுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்கள். வீட்டுச் சொந்தக்காரி மாரக்காளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"ஏங்கண்ணு, இந்த லைட்டு நம்ம மீட்டர்லயா ஓடுது?"

"இல்லக்கா, எங்க வீட்டுக்காரரு அங்கன இருந்து போடுறாரு" என்றாள் அங்கே குடியிருந்த சின்னத்தாய்.

அவள் புருஷன் முனீஸ், சங்குத்திட்டு என்ற தீவில் விளக்குக் காவலன். வெள்ளைக்காரன் கட்டிய கோபுரம். அவன் போன பிறகு முனீஸின் தாத்தா, அப்பா, அப்புறம் முனீஸ். குடிக்கத் தண்ணீர்கூடப் படகில்தான் வரும். பகலில் வெயில் பட்டு நெருப்பாகிவிடாமல் விளக்கின் கண்ணாடிக்குத் திரை போடுவதும், சாயங்காலம் திரையை விலக்கித் துடைத்து ஏற்றுவதும்தான் பரம்பரைப் பிழைப்பு. கட்டிக்கொண்டு போன சின்னத்தாய்க்கு அந்த விளக்கு சக்களத்தியாகத்தான் தெரிந்தது. ஒரு கோடையில் தண்ணீர்ப் படகு வராமல் நாக்கு வறண்டு கிடந்தவள், பிழைத்தெழுந்ததும் ஊர்ச்சனத்தோடு திருப்பூருக்குப் பஸ் ஏறினாள். "நீ முன்னால போ, அடுத்த மாசம் வந்துர்றேன்" என்றான் முனீஸ். அந்த அடுத்த மாசம் வருஷக்கணக்காக வரவேயில்லை.

அவளுக்குப் பனியன் வேஸ்ட் குடோனில் வேலை. கம்பெனிகள் வெட்டித் தள்ளிய துணித் துண்டுகளைத் தரம் பிரித்துக் கட்டினால், மெஷின் துடைக்க ஊர் ஊராகப் போகும். வெள்ளையில் மெத்தென்றிருப்பதாகப் பார்த்து ஒதுக்கி, அவள் முனீஸுக்கும் அனுப்பினாள். கோபம்தான், ஆனாலும் வேறென்ன அனுப்புவதென்று தெரியவில்லை. அவன் அதைக்கொண்டு கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க வெளிச்சம் நீண்டது. அந்த வருஷம் திண்டுக்கல்லைத் தாண்டியது. மறுவருஷம் மூலனூர்ச் சந்தையில் முருங்கைக்காய்க் கட்டுகள் மேல் விழுந்தது. வியாபாரிகள் அதிலேயே எடை பார்த்தார்கள். அதற்கடுத்த ஐப்பசியில் நல்லூர் வந்து சின்னத்தாயின் சுவரைத் தடவிப் போனது. அவள் அந்தச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு, ஆள் வர வேண்டிய இடத்துக்கு வெளிச்சம் வந்திருக்கிறதே என்று அழுவாள்.

படகுகளிலெல்லாம் ஜிபிஎஸ் வந்ததும், இனி விளக்கு எதற்கென்று கோபுரத்தைப் பூட்டிவிட்டார்கள். ஒரு சாயங்காலம் சுவர் இருட்டாகவே இருந்தது. அவனுக்கு என்ன ஆனதோ என்று சின்னத்தாய் விடிய விடியப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. மறுநாள் மத்தியானம் ஒரு பையோடு வாசலில் வந்து நின்றான். "அப்ப விளக்கு?" என்று தன் வாயிலிருந்து முதலில் வந்த கேள்வியைக் கேட்டு அவளே திகைத்துப்போனாள்.

முனீஸ் அயர்ன் வேலைக்குச் சேர்ந்தான். நன்றாகச் சாப்பிட்டான், சிரிக்கவும் செய்தான். பொழுது சாய்ந்தால் மட்டும் தென்கிழக்கே பார்த்தபடி நிற்பான். கை காற்றில் எதையோ துடைத்துக்கொண்டிருக்கும். இத்தனை காலம் ஏங்கிய மனுஷன் பக்கத்தில் நின்றும் இன்னும் வந்து சேரவில்லை என்பது சின்னத்தாய்க்குப் புரிந்தது, வலித்தது. ஒருநாள் வேலை விட்டு வந்தவள், முந்தானையில் முடிந்து வந்த வெள்ளைத் துண்டை அவன் கையில் வைத்து, வாசல் குண்டு பல்பைக் காட்டினாள்.

"தொடைங்க."

சங்குத்திட்டுப் பக்கம் மீன்பிடிக்கப் போகிறவர்கள் இப்போது வடமேற்கே தெரியும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கரை திரும்புகிறார்கள். பகலில் அந்தப் பல்புக்குப் பனியன் துணியில் ஒரு திரை தொங்கும். சாயங்காலம் அதை விலக்குவது சின்னத்தாய். அவளுக்கு ஓவர்டைம் இருக்கும் நாளில் மாரக்காள் விலக்குகிறாள்.