இடது பாதி

அரிவாளின் பிடி மலைச்சாமியின் கையில் இருந்தது. அதன் வாய் முத்துலட்சுமியின் உள்ளங்கையில் இருந்தது. இருவருமே விடவில்லை.

"விடுங்க மதினி. கை அந்து போயிரும்."

"போகட்டும்."

"அண்ணனைத் தெருவுல கெடத்திட்டு நான் இங்கன குத்தவச்சு அழுகவா? சின்னக்கருப்பு தலையை எடுத்துட்டு வாரேன். அப்புறம் தூக்குங்க பொணத்தை."

"நேத்து எங்கடா போச்சு இந்த வீரம்?"

அவன் பிடி தளர்ந்தது. ஒரே இழுப்பில் அரிவாளைப் பிடுங்கித் தண்ணீர் டிரம்முக்குள் எறிந்தாள். அதே கையால் அவனை அறைந்தாள். அவன் கன்னத்தில் அவளுடைய ஐந்து விரலும் ரத்தமாகப் பதிந்தன.

வாசலில் நின்றிருந்த மாமியார் கஸ்தூரியம்மாள் எல்லாவற்றையும் பார்த்தாள். தடுக்கவில்லை.

"இருக்கிறது இவன் ஒருத்தன்தான்டி ஆத்தா" என்று மட்டும் சொல்லிவிட்டு, தெருவில் பந்தலுக்குக் கீழே கிடந்த மூத்த மகனிடம் திரும்பிப் போனாள்.

முத்துலட்சுமி சேலைத் தலைப்பைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

ஜெயமங்கலத்தில் அவள் புருஷன் மாரிசெல்வத்தின் கச்சேரிக் குழுவைத் தெரியாதவர்கள் இல்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கீபோர்டு. நடுவில் ஒரு கட்டையைக் குறித்து ஸ்பிளிட் போட்டுவிட்டால், அதற்கு இடப்பக்கம் ஒரு வாத்தியம், வலப்பக்கம் வேறொரு வாத்தியம். இடது பாதியில் மலைச்சாமி பேஸ் கிதார் வாசிப்பான். வலது பாதி மாரிசெல்வத்துடையது. அங்கே பியானோவுக்கு மேல் வயலினை லேயராக ஏற்றி வைத்திருப்பான். ஒரு கட்டையைத் தொட்டால் இரண்டும் சேர்ந்தே எழும். இருவருக்கும் கை ஓயாது. அதனால் பாட்டுக்குப் பாட்டு சவுண்டு மாற்றுவது பக்கத்தில் நின்று பாடும் முத்துலட்சுமியின் வேலை. எந்தப் பொத்தானில் எது இருக்கிறது என்பது அவள் விரலுக்குத் தெரியும். மூன்றாம் பொத்தான் மிமிக்ரிக்கு. அதை அமுக்கினால் இடது பாதி முழுக்க நாய்.

நேற்று வீரபாண்டித் திருவிழா முடிந்து வந்த கூட்டத்துக்காகப் பக்கத்து ஊரில் மேடை போட்டிருந்தார்கள். மிமிக்ரி முடிந்ததும் சின்னக்கருப்பு மேடையேறினார். அந்த வட்டாரத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். பொன்னாடையைத் தோளில் வாங்கிக்கொண்டு, "என் உயிரினும் மேலான மக்களே" என்று ஆரம்பித்தார். முத்துலட்சுமி இன்னும் சவுண்டை மாற்றியிருக்கவில்லை. மலைச்சாமி அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். இடது பாதியில் ஒரு கட்டையை மூன்று தடவை தட்டினான்.

மூன்று தடவையும் நாய் குரைத்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சின்னக்கருப்பும் சிரித்தபடியே இறங்கிப் போனார்.

இரண்டாவது பாட்டின் பாதியில் மேடைக்குப் பின்னால் இருந்து இரண்டு பேர் ஏறினார்கள். கீபோர்டுக்காரன் என்றால் அவர்களுக்கு மாரிசெல்வம்தான். முதல் வெட்டு கழுத்தில் விழுந்தது. அவன் கட்டைகளின் மேலேயே சாய்ந்தான். அதற்குப் பிறகு விழுந்த வெட்டுகள் தேவையில்லாதவை. முத்துலட்சுமி மைக் ஸ்டாண்டைத் தூக்கி ஒருவனின் முதுகில் அடித்தாள். திரும்பிப் பார்த்தபோது மேடையிலிருந்து குதித்து ஓடும் மலைச்சாமியின் சட்டை முதுகுதான் தெரிந்தது.

வெட்டியவர்கள் காலையிலேயே கோர்ட்டில் சரணடைந்துவிட்டார்கள். தேனி ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்த உடம்பு மதியம் வந்து சேர்ந்தது. தெருமுனை டீக்கடையில் காவலுக்கு இரண்டு போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த போலீஸ்காரர்களைத் தாண்டித்தான் ஜீப் வந்தது. அவர்கள் எழுந்து நின்று வணக்கம் வைத்தார்கள். சின்னக்கருப்பின் தம்பி சுருளியாண்டி, கையில் மாலையோடு இறங்கினார். பின்னால் நாலைந்து பேர். ஒப்பாரி பட்டென்று நின்றது.

"துட்டி கேக்கத்தான் வந்தோம். சண்டைக்கு வரல" என்றார் சுருளியாண்டி. மாலையை இன்னும் போடவில்லை. "ஊருக்குள்ள ஒரு பேச்சு ஓடுது தாயி. கொரைச்சது பெரியவன் இல்ல, சின்னவன்னு. என்னன்னு கேட்டுட்டு வாடான்னு அண்ணன் சொன்னாக."

"கேட்டு?" என்றாள் முத்துலட்சுமி.

"பெரியவன்னா சோலி முடிஞ்சது. எங்க பயலுக ரெண்டு பேரு உள்ள போயிட்டானுக. உங்கள்ல ஒருத்தன் போயிட்டான். அத்தோட விட்டுருவோம். சின்னவன்னா..." துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆளை மாத்தி வெட்டுனானுகங்கிற பேரு எங்களுக்கு ஆகாதுல்ல."

வீட்டுக்குள்ளிருந்து மலைச்சாமி பாய்ந்து வந்தான்.

"நான்தான்டா கொரைச்சேன்! எங்கண்ணன் இல்ல! நான்தான்! இந்தா, வெட்டுங்கடா!"

ஜீப்பில் வந்தவர்களில் ஒருவன் அவன் வயிற்றில் உதைத்தான். மலைச்சாமி மடங்கி, பிணம் கிடந்த பெஞ்சின் காலில் தலை மோத விழுந்தான். இரண்டாவது உதை முகத்தில். பெண்கள் அலறினார்கள். டீக்கடைப் பக்கமிருந்து யாரும் வரவில்லை.

"விடுறா" என்றார் சுருளியாண்டி. "வாயால சொல்றதை எவன் நம்புறது? பெட்டியைக் கொண்டாங்க. நேத்து நான் முன்வரிசையிலதான் இருந்தேன். பெரியவன் பெட்டிக்கு வலப்பக்கம் நின்னான், சின்னவன் இடப்பக்கம். எந்தப் பக்கம் கொரைக்குதுன்னு பாத்துட்டுப் போயிருவோம்."

குழுவில் ரிதம் பேடு வாசிக்கும் அல்தாப், போர்வையில் சுற்றி வைத்திருந்த கீபோர்டைக் கொண்டுவந்து பந்தலுக்குள் ஸ்டூல் மேல் வைத்தான். வயரை மாட்டினான்.

"நீ போட்டுக் காட்டு" என்றார் சுருளியாண்டி.

"எனக்கு இது தெரியாதுண்ணே. அக்காதான் சவுண்டு மாத்துறவுக."

முத்துலட்சுமி கீபோர்டின் முன்னால் வந்து நின்றாள். வலது பாதிக் கட்டைகள் காய்ந்த ரத்தத்தில் கறுத்திருந்தன. இடது பாதி பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. சுவிட்சைப் போட்டாள். விளக்குகள் எரிந்தன. கடைசியாக வாசித்த நிலையிலேயே அது விழித்தது.

மூன்றாம் பொத்தான் மேல் அவள் விரல் போய் நின்றது.

ஒரு தடவை அமுக்கினால் போதும். இடது பாதி குரைக்கும். புருஷன் ஒரு தப்பும் செய்யாதவனாகச் சுடுகாட்டுக்குப் போவான். நாளைக்கோ அடுத்த மாசமோ தம்பியும் போவான். மண்ணில் கிடந்த மலைச்சாமி ஒரு கண்ணால் அவளைப் பார்த்தான். இன்னொரு கண் வீங்கி மூடியிருந்தது. நேற்று அவளைப் பார்த்துச் சிமிட்டிய கண் அது. ஓடிய முதுகும் ஞாபகம் வந்தது. அமுக்கிவிட வேண்டும் என்ற ஆசை அவள் வயிற்றில் பசி போல எரிந்தது.

"அமுக்குங்க மதினி" என்றான் அவன். வாயிலிருந்து ரத்தம் வழிந்தது. "உள்ளதைக் காட்டுங்க."

அவள் விரலை எடுத்தாள். ஸ்பிளிட்டை அப்படியே விட்டாள். இடது பாதியில் பேஸ் இருந்தது, அதையும் தொடவில்லை. வலது பாதியில் இருந்த பியானோவை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நாயைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் நின்ற அல்தாப் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

இடப்பக்கம் ஒரு கட்டையைத் தொட்டாள். 'தும்' என்று பேஸ் அதிர்ந்தது.

வலப்பக்கம், ரத்தம் படிந்த ஒரு கட்டையை அமுக்கினாள். நாய் குரைத்தது. அதோடு கூடவே வயலின்களும் எழுந்தன. விரலை எடுத்தாள். ரத்தத்தில் ஒட்டிய கட்டை மேலே வரவில்லை. நாய் ஓய்ந்த பிறகும் வயலின்கள் ஓயாமல், பிணத்தின் தலைமாட்டில், நீளமாக அழுதுகொண்டே இருந்தன.

"நேத்து இப்படிக் கேக்கலையே" என்றார் சுருளியாண்டி. அவர் கண் சுருங்கியது.

லேயர் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாரிசெல்வம் ஏற்றி வைத்த வயலின். அவள் அதை மறந்துபோயிருந்தாள்.

"அது அவுக பாட்டுக்கு வச்சது. மேல ஏறி நிக்குது" என்றாள். நகத்தால் கட்டையை நெம்பி எடுத்தாள். லேயரை அணைத்தாள். மறுபடியும் அதே கட்டையை அமுக்கினாள்.

நாய் மட்டும் குரைத்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

"இதான்" என்றார் சுருளியாண்டி. "இதேதான்."

"பொய்!" என்று கத்தினான் மலைச்சாமி. "மாத்தி வச்சிருக்கு! மதினி பொய்யா..."

முத்துலட்சுமி குனிந்து அவன் முடியைப் பிடித்து, வாயிலேயே அடித்தாள். கையில் சுற்றிய துணி நனைந்து சிவக்கும்வரை அடித்தாள். "எம்புருஷன் செஞ்சதுக்கு நீ ஏன்டா பழி ஏத்துக்கிற? செத்தவன் பேரைக் காப்பாத்தப் போறியா? அவரு கொழுப்பெடுத்துக் கொரைச்சாரு, வெட்டுப்பட்டாரு! ஒனக்கு என்னடா?"

சுருளியாண்டியே வந்து அவள் கையைப் பிடித்து விலக்கினார்.

"போதும் தாயி. அண்ணன்மேல பாசம் பயலுக்கு. நல்ல பய." மலைச்சாமியின் கன்னத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். மாலையைப் பிணத்தின் மேல் போட்டார். ஜீப் கிளம்பும்போது உள்ளே ஒருவன் நாயைப் போலக் குரைத்துக் காட்டினான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அல்தாப் வயரைப் பிடுங்கினான். கீபோர்டின் விளக்குகள் அணைந்தன.

கஸ்தூரியம்மாள் மருமகளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேற்று அவளும் கூட்டத்தில்தான் இருந்தாள். எந்த மகன் எந்தப் பாதியில் வாசிப்பான் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. மூத்த மகனின் கால்களைக் கட்டிக்கொண்டு, நிறுத்திய ஒப்பாரியை மறுபடி ஆரம்பித்தாள்.

"ஏன்டா கொரைச்ச என் ராசா... ஊரு சிரிக்கவா கொரைச்ச என் மகனே..."

மற்றப் பெண்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

நீர்மாலைக்குக் கொட்டு வந்துவிட்டது. குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர தம்பிதான் குடத்தோடு போக வேண்டும். அவன் தலைக்கு மேலே பிடிக்க நாலு பேர் வேட்டியை விரித்துக்கொண்டு நின்றார்கள். மலைச்சாமி எழுந்தான். உதடு கிழிந்து தொங்கியது.

"மதினி..."

"போ. தண்ணி எடுத்துட்டு வா."

அவன் போனான். கொட்டுச் சத்தம் தெருவின் மறுமுனைக்குப் போய்த் தேய்ந்தது. அதற்குள் சேதி தெரு முழுக்கப் பரவியிருந்தது. எங்கோ பக்கத்துச் சந்தில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. ஒருவன் மேடைப்பேச்சு போல ஏதோ சொன்னான். மற்றவர்கள் சேர்ந்து குரைத்தார்கள். ஒருத்தி ஓடிப்போய் யாரையோ அடித்தாள். சற்று நேரம் அடங்கி, கொஞ்சம் தள்ளி, குரைப்பு மறுபடி தொடங்கியது.

முத்துலட்சுமி மாரிசெல்வத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வாய் திறக்காமலிருக்கத் தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிந்திருந்த துணி, காதுகளுக்கு முன்னால் ஒரு கயிறாகச் சுருண்டு கிடந்தது. அவள் அதை விரலால் நீவி, அகலமாக விரித்து, இரண்டு காதுகளும் மறையும்படி இழுத்து விட்டாள்.