பெர்மெத்தை ஒளித்துவைத்த நாள்

கோச்கோர் என்ற மலையூரில், பனி உருகிச் சேறாகிக் கிடந்த தெருவில் பெர்மெத்தின் சக்கர நாற்காலி அடிக்கடி புதைந்து நின்றுவிடும். யாராவது தள்ளிவிடும்வரை காத்திருந்துதான் எதிர்வீட்டுத் தொத்துயாவிடம் போவாள். வீட்டுக்குள் மறைத்துவைத்திருக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும்படி பெற்றோரிடம் பேசுவது, மாற்றுத்திறனாளிகள் சங்கம் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. தொத்துயாவின் மகள் அக்மாரலுக்கு நடை தள்ளாடும், பேச்சு குழறும். வீட்டுக்கு யார் வந்தாலும் அவளைப் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

"ஏன்க்கா ஒளிச்சு வைக்கிறீங்க? அவ என்ன திருடிட்டா வந்தா?"

"ஊர் வாயை நீ வந்து மூடுவியா?"

"என்னைப் பாருங்க. பிறந்ததுலேருந்து எனக்குக் கால் வராது. எங்கம்மா என்னை யாருகிட்டேருந்தாவது மறைச்சாங்களா?"

அதைக் கேட்டால் மட்டும் தொத்துயா பின்னறைக் கதவைத் திரும்பிப் பார்ப்பாள். கோடை முடியும் முன்பே அவள் இறங்கிவந்தாள். பள்ளி திறக்கும் நாளுக்கென்று மகளுக்கு வெள்ளை ரிப்பன்கூட வாங்கிவிட்டாள்.

ஆகஸ்டில் பெர்மெத்தின் தங்கை சைராவுக்குப் பக்கத்து நகரமான நரினில் வரன் அமைந்தது. மாப்பிள்ளையின் அம்மா வந்து பெண்ணுக்குக் கம்மல் போட்டு உறுதி செய்ய நாள் குறித்தார்கள். அதற்கு முந்தைய நாள் அம்மா மாவு பிசைந்தபடி, தலை நிமிராமலே சொன்னாள்.

"கண்ணு, நாளைக்கு ஒரு நாள் மட்டும் தொத்துயா வீட்ல இருந்துக்கிறியா? நான் சொல்லிவச்சிருக்கேன்."

பெர்மெத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சைரா பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

"கல்யாணம் முடிஞ்சதும் நானே அவங்ககிட்ட சொல்லிடறேன்க்கா. இப்ப உன்னைப் பார்த்தா, ரத்தத்துலயே இருக்கு, பொறக்குற பிள்ளைக்கும் வரும்னு பயந்துருவாங்க."

முன்பு சைராவைப் பெண் பார்க்க வந்தவர்கள் பெர்மெத்தைப் பார்த்துவிட்டுப் போனபின் திரும்பி வரவில்லை. யாரும் காரணம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. கத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு. தங்கையின் முகத்தைப் பார்த்தாள். "சரி, போறேன்" என்றாள்.

காலையில் அப்பாதான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். தெருவைக் கடந்து நாற்காலியை நிறுத்தினார். வாசலில், "வெயில் சுடுதாம்மா?" என்றார்.

"இல்லப்பா."

பின்னறையில் அவளைக் கண்டதும் அக்மாரல் கைதட்டிச் சிரித்தாள்.

"அக்கா! நீயும் ஒளிய வந்துட்டியா?" பிறகு உதட்டில் விரல் வைத்து, குழறிக் குழறிச் சொல்லிக்கொடுத்தாள். "சத்தம் போடாத. ஜன்னல்கிட்ட போகாத. வந்தவங்க போனதும் அம்மா கதவத் திறப்பாங்க."

தெருவில் கார் வந்து நின்றது. அம்மா உரக்கச் சிரித்து வரவேற்பதும், கம்மல் போட்டதும் எழுந்த வாழ்த்துக் கூச்சலும் தெளிவாகக் கேட்டன. தொத்துயா தேநீரும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள். பெர்மெத் ஜன்னலருகே போகவில்லை.

செப்டம்பர் முதல் தேதி பள்ளி திறந்தது. ஆசிரியர்களுக்குக் கொடுக்கப் பூங்கொத்துகளோடு பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்மாரலை அழைத்துப்போக வந்த பெர்மெத்தைத் தொத்துயா வாசலிலேயே நிறுத்தினாள். குரலில் குத்தல் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"தப்பா நினைக்காதடி. உங்கம்மாவாலயே முடியலன்னா நான் எம்மாத்திரம்? என் மூத்தவனுக்கும் பொண்ணு பார்க்கணும்ல?"

"அன்னிக்கு நானேதான் சம்மதிச்சு வந்தேன்க்கா. அம்மா ஒண்ணும்..."

"அதான் சொல்றேன். நீயே சம்மதிச்சுட்ட. இவளை மட்டும் ஏன் வெளிய இழுக்கிற?"

உள்ளேயிருந்து அக்மாரல், "அம்மா, போலாமா? அக்கா வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். தொத்துயா கதவைச் சாத்தினாள்.

சங்கத்தில் கேட்டபோது, "அவங்கம்மா ஒத்துக்கல" என்று மட்டும் சொன்னாள்.

அக்டோபரில் நரினில் சைராவின் கல்யாணம் நடந்தது. அம்மாவும் அப்பாவும் முதல் நாளே கிளம்பிப் போனார்கள். மூத்தவளுக்குக் காய்ச்சல், அதனால் வரவில்லை என்று பொய் சொல்லக்கூட அவர்களுக்கு அவசியம் வரவில்லை. அப்படி ஒரு மூத்தவள் இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது.