அசையாத கோடு

அந்த அறையைப் பக்கத்தில் நின்று கட்ட வைத்தவனே அழகுபாண்டிதான். அவனியாபுரத்தில், செயற்கைக்கோளில் வைக்கிற லேசரைச் செய்யும் சிறிய ஆய்வகம் அது. தலைமுடி போன்ற கண்ணாடி இழைக்குள் ஒளி ஓடும். விமானம் இறங்கினாலும் லாரி போனாலும் அந்த ஒளி நடுங்கக் கூடாது. அதற்காகத்தான் அந்த அறைக்குப் பஞ்சடைத்த சுவர், கனத்த கதவு. இழைச்சுருள் இருந்த பெட்டி மட்டும் உள்ளே. மற்ற கருவிகள், ஒளியின் நடுக்கத்தைக் கோடாகக் காட்டும் கணினித் திரை எல்லாம் வெளியே.

அன்று அவனோடு வேலை செய்யும் ஸ்வர்ணா சாப்பிடப் போயிருந்தாள். பெட்டியின் திருகுகளை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று உள்ளே போனான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. திறக்க இழுத்தபோது கைப்பிடி கையோடு வந்துவிட்டது. செல்போன் வெளியே மேஜையில்.

எப்படியும் அவள் வந்துவிடுவாள் என்று தரையில் உட்கார்ந்தான்.

திடீரென்று விளக்கு அணைந்தது. ஏ.சி.யும் நின்றது. அளவெடுக்கும் முன் இரண்டையும் வெளியிலிருந்து நிறுத்துவதுதான் வழக்கம். ஸ்வர்ணா வந்துவிட்டாள், அவன் வெளியே போயிருப்பதாக நினைத்து அளவெடுக்கத் தொடங்கிவிட்டாள். இனி சாயங்காலம் வரை கதவைத் திறக்கக் கூடாது. அவனே போட்ட சட்டம்.

"ஸ்வர்ணா! ஏம்மா ஸ்வர்ணா!"

குரலைப் பஞ்சு விழுங்கியது. கதவை உதைத்தான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. இருட்டில் சுவர்கள் கிட்டே வருவது போலிருந்தது.

பெட்டியைத் தட்டினால் திரையில் கோடு துள்ளுமே! தடவிப் போய்த் தட்டினான். முஷ்டியால் குத்தினான். கழன்ற கைப்பிடியால் ஓங்கி அடித்தான். யாரும் வரவில்லை.

பெட்டியிலிருந்து சுவர்த் துளைக்குப் போகும் இழை விரலில் பட்டது. அடுத்த வாரம் பெங்களூருக்குப் போக வேண்டிய பெட்டி. இழை ஒடிந்தால் எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து செய்ய வேண்டும். கையை எடுத்துக்கொண்டான். மூச்சு முட்டியது. மறுபடி தொட்டான். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான்.

சற்று நேரத்தில் கதவு திறந்தது.

"அண்ணே! நீங்க உள்ளயா இருந்தீங்க?"

தட்டுத் தடுமாறி வெளியே வந்து உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தாள்.

"அம்புட்டு அடி அடிச்சேனே, ஒனக்குத் தெரியலையா?"

"எப்ப அடிச்சீங்க? கோடு கொஞ்சங்கூட அசையலையேண்ணே. இம்புட்டு நல்லா என்னைக்குமே வந்ததில்ல. நீங்க வந்ததும் காட்டணும்னு இருந்தேன், அதுக்குள்ள கோடு செத்துப்போச்சு. என்னன்னு பாக்கத்தான் கதவத் தொறந்தேன்."

சிரிக்கப் பார்த்தான். அழுகைதான் வந்தது.

மறுநாள் புதுக் கைப்பிடி மாட்டியாகிவிட்டது. பெட்டியை எடுக்க அறை வாசல் வரை போனான். கால் உள்ளே போகவில்லை.

"இருங்கண்ணே, நான் எடுத்துட்டு வாரேன்" என்று ஸ்வர்ணா உள்ளே போனாள். அவள் வெளியே வரும் வரை கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.